பெங்களூரில் இருந்துகொண்டு இணையத்தில் வாதாடுவது எப்படி

பெங்களூர்த் தமிழருக்கு இணையத்தில் சண்டைக்கு விஷயம் தேட வேண்டியதில்லை. காலையில் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்ற பேச்சு, மதியம் காவிரி, மாலையில் எங்கோ யாரையோ கன்னடம் பேசவில்லை என்று அடித்ததாக ஒரு காணொளி, ஐபிஎல் நாட்களில் இரவு முழுக்க மஞ்சளும் சிவப்பும். மறுபுறம் இருப்பவர் யாரென்று தெரியாது. அவர் பக்கத்துத் தெருக்காரராகவும் இருக்கலாம் என்பதுதான் நமக்குள்ள கூடுதல் சிக்கல். சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இந்தக் கவலை கிடையாது. 2016 செப்டம்பரில் காவிரிப் பதற்றத்தின்போது, கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டார் என்பதற்காக ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் சிலர் அடித்து, அதைப் படம்பிடித்தும் பரப்பினார்கள். அதையடுத்து சென்னையில் கர்நாடகத்தவர் நடத்தும் ஓட்டல் ஒன்று தாக்கப்பட்டது. செப்டம்பர் 12 அன்று இங்கே தமிழருக்குச் சொந்தமான நிறுவனத்தின் பேருந்துகள் டஜன் கணக்கில் எரிந்தன. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாதாடத் தெரிந்துகொண்டு வாதாடலாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

முதல் மறுமொழியைத் தட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்: இது ஆதாரத்தைக் காட்டினால் தீரக்கூடிய விஷயமா, எதைக் காட்டினாலும் தீராத விஷயமா, அல்லது இரண்டும் பின்னிக் கிடப்பதா? சாப்பாட்டில் பெரும்பகுதி தீராதது. ஆகவே அங்கே கேலியும் கிண்டலும்தான் முறை. செய்தி தீரக்கூடியது, நடந்தது அல்லது நடக்கவில்லை, இன்று நடந்தது அல்லது என்றோ நடந்தது. அரசியலில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்கத் தெரியாதவர் அங்கே விடியவிடியப் பேசினாலும் ஓர் அடி நகர மாட்டார். இணையத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான சண்டைகள் கருத்து வேறுபாட்டால் முற்றியவை அல்ல. ஒன்றின் முறையை இன்னொன்றில் கொண்டுபோய் வைத்ததால் முற்றியவை. இட்லிக்குக் கல்வெட்டு கேட்பவரும், கலவரக் காணொளிக்கு நக்கல் அடிப்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

எந்த மொழியில், எந்த மரியாதையில்

கன்னடர் ஒருவரின் பதிவுக்குக் கீழே தமிழில் திட்டினால் அவருக்குப் புரியாது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் வழியாக ஒரு நாள் நடந்தவருக்கே தெரியும், இந்த ஊரில் தமிழ் காதில் விழாமல் வளர்ந்தவர்கள் குறைவு. அதிலும் வசைகள்தான் எல்லோருக்கும் முதலில் புரிபவை. கன்னடம் தெரிந்தால் முதல் வரியையாவது கன்னடத்தில் எழுதுங்கள். தெரியாவிட்டால் 'நனகெ கன்னட ஸ்வல்ப பருத்தெ, தப்பித்ரெ க்ஷமிசி' (எனக்குக் கன்னடம் கொஞ்சம்தான் வரும், தப்பிருந்தால் மன்னியுங்கள்) என்று தொடங்கி, இருவருக்கும் பொதுவான மொழிக்கு மாறிக்கொள்ளலாம். அந்த ஒரு வரி எதிராளியின் மனத்தை மாற்றுமா என்பது சந்தேகம்தான். ஆனால், எதுவும் சொல்லாமல் படித்துவிட்டுப் போகிற கூட்டத்தில் பலரை அது உங்கள் பக்கம் திருப்பும். அவர்களுக்காகத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். எதிரில் இருப்பவர் ஒருமைக்கு இறங்கினாலும் நீங்கள் 'நீங்கள்', 'நீவு' என்பதிலிருந்து இறங்க வேண்டாம். 'ப்ரோ', 'சார்', 'குரு' எல்லாம் இருக்கட்டும். அறிமுகம் இல்லாதவரை 'டா' போட்டுவிட்டு அதை நட்பு என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

சாப்பாடு: தோற்கத் தயாராக இறங்குங்கள்

சாப்பாட்டுச் சண்டையில் ஒரே ஒரு விதி கறாரானது: பண்டத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அதை உண்பவரைச் சொல்லக்கூடாது. யார் இறைச்சி உண்கிறார், யார் உண்ணவில்லை, எந்தச் சாதி வீட்டில் எது வேகும் என்ற இடத்துக்குப் பேச்சு போய்விட்டால் அது சாப்பாட்டுப் பேச்சே அல்ல. அங்கிருந்து எழுந்துவிடுவது நல்லது. மற்றபடி அளவில்லாமல் மிகைப்படுத்தலாம். மிகை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அது விளையாட்டு என்று எதிராளிக்கு விளங்கும். நிதானமான குரலில் சொல்லப்படும் குறைதான் உறுத்தும். 'உங்கள் சாம்பாரில் இனிப்பு சற்று அதிகம்' என்பது புகார். 'உங்கள் ஊர்ச் சாம்பாரைக் குடித்த பிறகு பாயசத்துக்குத் தனியாகக் காசு கொடுத்தது வீண் என்று தெரிந்தது' என்பது அழைப்பு.

அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டவர் திருப்பி அடிப்பார். 'உங்கள் இட்லியைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் ஒதுங்கும்' என்று அவர் எழுதினால், நம் வீட்டு இட்லி மல்லிகைப்பூப் போல இருக்கும் என்று சான்று கொடுக்கத் தொடங்கக்கூடாது. ஆட்டம் அங்கேயே செத்துவிடும். அடியை வாங்கிக்கொண்டு, 'அதனால்தான் பிடதிக்காரர்கள் தட்டு இட்லி செய்கிறார்கள், வட்டு எறிவதற்குத் தோதாக' என்று அதே பந்தைத் திருப்பிப் போட வேண்டும். மூன்று நான்கு சுற்று ஆன பின் ஒரு வரவை அவர் பக்கம் எழுதிவிட்டு முடிப்பது அழகு. அதற்கு இந்த ஊரில் சரக்கு நிறையவே இருக்கிறது. கும்பகோணம் டிகிரி காபி என்று நாம் மார்தட்டினாலும், இந்தியாவில் விளையும் காபியில் ஏறக்குறைய 70 விழுக்காடு சிக்கமகளூரு, குடகு, ஹாசன் மலைகளைக் கொண்ட கர்நாடகத்தினுடையது. 'கொட்டை உங்களுடையது, டிகாக்‌ஷன் எங்களுடையது' என்று சமாதானம் பேசலாம். பெங்களூரின் தொன்னை பிரியாணியும் திண்டுக்கல் பிரியாணியும் ஒரே சீரகச் சம்பா அரிசியில் வேகின்றன என்பதை நினைவுபடுத்தினால் இரு தரப்பும் ஒன்றுசேர்ந்து பாசுமதிக்காரர்கள் மீது பாய்வார்கள். அது வேறொரு நாள் பொழுதுக்கு ஆகும்.

'யார் கண்டுபிடித்தது' என்ற பேச்சு வந்ததும் விளையாட்டு மெல்ல வழக்காக மாறுகிறது. இங்கே கொஞ்சம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இட்லி தமிழருடையது என்று அடித்துச் சொல்லும் முன், 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான 'வட்டாராதனெ'யில் 'இட்டலிகெ' வருகிறது என்பதை எதிராளி எடுத்து வைப்பார் என எதிர்பார்க்கலாம். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கால இட்டலிகெ உளுந்து மாவுப் பண்டம், இன்று நாம் அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவைத்து வேகவைக்கும் இட்லி அல்ல என்று உணவு வரலாற்று ஆய்வாளர் கே.டி.அச்சயா எழுதியிருக்கிறார், புளிக்கவைத்து வேகவைக்கும் முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஊகத்தையும் அவர்தான் முன்வைத்தார். அந்த ஊகத்தைச் சொன்னால் தமிழரும் கன்னடரும் சேர்ந்து உங்களைத் தாக்குவார்கள் என்பது தனி. புவிசார் குறியீட்டை ஆதாரமாக நீட்டுபவர்களுக்கும் ஒரு விஷயம் சொல்லலாம். அது ஒரு பண்டத்தின் தனித்தன்மையை ஓர் ஊரோடு பிணைத்துப் பதிவு செய்கிறது. முதலில் செய்தவர் யார் என்று தீர்ப்பளிப்பதில்லை. 2017 நவம்பர் 14 அன்று வங்காள ரசகுல்லாவுக்கும் 2019 ஜூலை 29 அன்று ஒடிசா ரசகுல்லாவுக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகம் தனித்தனியாகக் குறியீடு கொடுத்தது. அந்தப் பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது என்பதை மட்டும் தேவையில்லாமல் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த சதிக் கோட்பாடு அதிலிருந்தே பிறக்கும்.

செய்தி: நாளும் இடமும்

2019 செப்டம்பரில் ஒருவர், மைசூர் பாகுக்குத் தமிழ்நாட்டின் சார்பில் புவிசார் குறியீடு பெற்றுக்கொண்டதாக வேடிக்கைக்கு ஒரு படத்தைப் பதிவிட்டார். கன்னடத் தொலைக்காட்சிகளில் அது செய்தியானது, சமூக ஊடகங்களில் கொதித்தார்கள், தமிழர்களில் ஒரு பகுதியினர் வெற்றி விழாவே கொண்டாடினார்கள். இல்லாத குறியீட்டுக்கு நடந்த சண்டை அது. பதிவகத்தின் பட்டியல் யாரும் தேடிப் பார்க்கக்கூடியதாகத் திறந்தே கிடந்தது. இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

காணொளிகள் அவ்வளவு சுலபமல்ல. 'பெங்களூரில் இன்று தமிழர் மீது தாக்குதல்' என்று ஒன்று வந்தால் முதலில் ஒலியை அணைத்துவிடுங்கள். கோபம் ஒலி வழியாகத்தான் ஏறுகிறது. பிறகு, அடிபடுபவரின் முகத்தை விட்டுவிட்டு, கடைப்பலகையோ வண்டியின் பதிவெண்ணோ போகிற பேருந்தோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டால், அது பழைய சரக்காக இருக்கும்போது பெரும்பாலும் முந்தைய பதிவுகள் வந்து நிற்கும். வராவிட்டால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பதிவெண் கேஏ 51 என்றால் எலக்ட்ரானிக் சிட்டி, கேஏ 09 என்றால் மைசூர். வண்டிகள் ஊர் சுற்றும் என்பதால் இது குறிப்பு மட்டுமே, சான்று அல்ல. கடைப்பலகைகள் இன்னும் பயனுள்ளவை. பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி 2024 தொடக்கத்தில் கறாரானதிலிருந்து பெங்களூரின் வணிகத் தெருக்களில் ஏராளமான பலகைகள் மாறிவிட்டன; ஆங்கிலம் மட்டுமே நிறைந்த தெரு ஒன்று காட்சியில் தெரிந்தால், அது அதற்கு முந்தையதோ என்று ஐயப்படக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் வறண்ட சாலை, ஊரே வெயிலில் காயும்போது ஸ்வெட்டர் போட்ட கூட்டம், இவையும் காட்டிக்கொடுக்கும். பிறகு, இடம் தெரிந்தால், அந்த இடத்தின் பெயரையும் நாளையும் போட்டுக் கன்னடத்தில் தேடுங்கள். பெங்களூர் நடுத்தெருவில் உண்மையிலேயே இன்று ஒன்று நடந்திருந்தால் அது தமிழ் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் செய்தியாக இருக்காது.

சரிபார்க்கும் தளங்கள் இருக்கின்றன: தமிழில் யூடர்ன், தேசிய அளவில் ஆல்ட் நியூஸ், பூம். அரசுகள் நடத்தும் சரிபார்ப்புப் பிரிவுகளும் உண்டு. அரசாணை உண்மையா என்று பார்க்க அவை உதவும், அரசு மீதான குற்றச்சாட்டு உண்மையா என்று பார்க்க உதவாது, ஏனென்றால் வழக்கில் ஒரு தரப்பே அவர்கள்தான்.

பழையது என்று தெரிந்தபின் மறுமொழியைத் தேதியிலிருந்து தொடங்குங்கள். 'பொய் பரப்பாதீர்கள்' என்று ஆரம்பித்தால் அவர் தன் மானத்தைக் காக்க அந்தப் பொய்யையும் சேர்த்துக் காப்பாற்றுவார். '2016 செப்டம்பரில் எடுத்தது, அன்றைய செய்தி இதோ' என்ற வரி அவருக்கு நகர்ந்துகொள்ள வழி விடுகிறது. இது நாகரிகத்துக்காகச் சொல்லும் யோசனை அல்ல. இந்த ஊரில் வதந்தி உயிரை எடுத்திருக்கிறது. 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்தி வதந்திகளால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டு ரயிலேறினார்கள். மொத்தமாகப் பலருக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசே தற்காலிக வரம்பு போட்டது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர் என்ற ஃபார்வர்டை நம்பிய கூட்டம் சாமராஜப்பேட்டையில் ஒருவரை அடித்தே கொன்றது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலிலிருந்து, பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம். இரட்டை அம்பைக் கண்டால் அனுப்பியவருக்கும் மூலம் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரசியல்: முடிச்சைப் பிரித்தெடுங்கள்

காவிரியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெங்களூர்த் தமிழர் அதிலிருந்து தப்ப முடியாது. 'தமிழ்நாட்டுக்கு நாங்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்' என்று ஒருவர் எழுதுகிறார். இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது, எவ்வளவு வந்தது, அந்தத் தீர்ப்பு நியாயமா. முதலாவதற்கு எண் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) நீரில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என ஒதுக்கி, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி வந்து சேர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 192ஐ 177.25ஆகக் குறைத்தது. 419 என்பதை 'கர்நாடகம் திறந்துவிடும் தண்ணீர்' என்று நினைத்துக்கொண்டு இரு பக்கமும் கத்துவதை அடிக்கடி பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே கிடைக்கும் நீரும் சேர்ந்த கணக்கு அது. இரண்டாவதற்குக் காவிரி மேலாண்மை ஆணையத்தின் கூட்டங்களில் வைக்கப்படும் அளவீடுகள் உண்டு. மூன்றாவதற்கு எண் கிடையாது, நியாய உணர்வு மட்டுமே உண்டு. அதை எண்ணால் அடிக்கப் பார்த்தால் எதிராளி ஆறு தாண்டி ஓடுவார். முதல் இரண்டில் அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, மூன்றாவதில் 'இங்கே நாம் இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்கிறோம்' என்று சொல்லி நிறுத்துங்கள். உண்மையான சிக்கல் மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதுதான். அதைப் பற்றிப் பேசத் தெரிந்த இருவர் சந்தித்தால் சண்டையே வேறு தரத்துக்குப் போகும்.

இங்கே வாழும் தமிழர் மறைக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. 2018 தீர்ப்பு கர்நாடகத்துக்குக் கூடுதலாக அளித்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு. அந்தத் தண்ணீர் நம் குழாயிலும் வருகிறது. எதிராளி அதைச் சொல்லிக் காட்டும் முன் நாமே சொல்லிவிட்டுப் பேசுவது வலுவான நிலை. அவர் சொல்லிய பின் சமாளிப்பது பரிதாபமான நிலை.

ஒரு நேரத்தில் ஒரு கூற்றைத்தான் பிடிக்க வேண்டும். காவிரியில் பிடி இறுகியதும் அவர் கர்நாடகம் காவிரியில் கட்ட நினைக்கும் மேகதாது அணைக்குத் தாவுவார், அங்கிருந்து இந்திக்கு, இந்தியிலிருந்து ஏதாவது நடிகருக்கு. பின்னாலேயே ஓடாமல், 'அதற்கும் வருகிறேன், 177.25 சரிதானே?' என்று அதே இடத்தில் நில்லுங்கள். கடைசியில் வருவது 'பிடிக்கவில்லையென்றால் உங்கள் ஊருக்குப் போங்கள்' என்பதுதான். அதற்குப் பதிலாகப் பலர் உடனே குடும்ப வரலாற்றை எழுதுகிறார்கள்: தாத்தா காலத்தில் வந்தோம், மூன்று தலைமுறையாக வரி கட்டுகிறோம், வீட்டில் கன்னடம் பேசுகிறோம். வேண்டாம். நேற்று மெஜஸ்டிக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியவருக்கும் பேச உரிமை உண்டு. தலைமுறைக் கணக்கைக் காட்டுகிறவர் அந்த உரிமையைத் தன் கையாலேயே சுருக்குகிறார். மறுபுறம், கன்னடம் கற்றுக்கொள்ளச் சொல்வதை எல்லாம் வெறுப்பு என்று எழுதுவதும் சரியில்லை. அது பெரும்பாலும் நியாயமான கோரிக்கை. சென்னையில் இருந்தால் நாமும் அதையே சொல்வோம்.

எதிராளி கன்னடர் என்பதாலேயே எல்லாவற்றிலும் எதிரணி என்று கொள்ளத் தேவையில்லை. மத்திய வரிப் பகிர்வில் 14ஆவது நிதிக்குழுவின் காலத்தில் 4.713 விழுக்காடாக இருந்த கர்நாடகத்தின் பங்கு 15ஆவது நிதிக்குழுவில் 3.647ஆக இறங்கியது, 2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக அமைச்சரவையே டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தது. தொகுதி மறுவரையறைக்கு எதிராக 2025 மார்ச் 22 அன்று தமிழக முதல்வர் சென்னையில் கூட்டிய கூட்டத்துக்கு வந்தவர்களில் அன்றைய கர்நாடகத் துணை முதல்வர் டி.கே.சிவகுமாரும் ஒருவர், மேகதாது அணைக்காக 2022 ஜனவரியில் பாதயாத்திரை போன அதே சிவகுமார். இந்த இரட்டைத்தன்மையைப் புரிந்துகொண்டவரிடம் காவிரியில் கடுமையாக மோதிவிட்டு மறுநாள் நிதிப்பகிர்வில் தோளோடு தோள் நிற்க முடியும்.

நிறுத்துவதும் மிரட்டல் வந்தால் செய்வதும்

எதிராளி சொன்னது சரி என்று தெரிந்தால் ஒரே வரியில் ஒப்புக்கொண்டு, பழைய பதிவை அழிக்காமல் அதன் அடியில் திருத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். அழித்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் உயிரோடிருக்கும், திருத்தம் இருக்காது. அவர் ஒரே வாதத்தை மூன்றாவது முறை சொன்னால் உங்கள் ஆதாரத்தை மட்டும் மறுபடி ஒருமுறை வைத்துவிட்டு மியூட் செய்யலாம். பிளாக் செய்தால் அதையே பதக்கமாக மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஒரே நாளில் நூறு பதிவு, ஒரே ஒரு விஷயம், முகமில்லாத புதுக்கணக்கு என்றால் மறுமொழியே தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டதால் இணையத்தில் எதை எழுதினாலும் வழக்கு வராது என்பது அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பிரிவினரிடையே பகைமை வளர்ப்பது 196ஆம் பிரிவிலும், வதந்தியால் பொது அமைதியைக் குலைப்பது 353ஆம் பிரிவிலும், அவதூறு 356ஆம் பிரிவிலும் இருக்கின்றன. 353ஆம் பிரிவு எழுதுபவரை மட்டுமல்ல, பரப்புபவரையும் பிடிக்கும். 'வந்ததை அப்படியே அனுப்பினேன்' என்று சொல்லி மட்டும் தப்பிவிட முடியாது.

உங்கள் வீட்டு முகவரி, அலுவலகத்தின் பெயர், பிள்ளையின் பள்ளி ஆகியவற்றை யாராவது பொதுவில் போட்டாலோ, நேரில் வருவதாக எழுதினாலோ, அந்த நொடியோடு வாதம் முடிந்தது. பதில் எழுத வேண்டாம். கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகே அந்தச் செயலியில் புகார் செய்யுங்கள். முதலில் புகார் செய்தால் பதிவு நீங்கிவிடும், சான்றும் அதோடு போய்விடும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இணையம் வழியாகவே பதியலாம், பெங்களூரின் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். வாசலில் ஆள் வந்து நின்றால் 112ஐ அழையுங்கள். 1930 பணமோசடிக்கான எண் என்பதால் அதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். புகார் எழுதும்போது முழு விவாதத்தையும் இணைத்துவிடுங்கள், நீங்கள் எழுதியவை உட்பட. அவற்றை எதிர்த் தரப்பு எப்படியும் கொண்டுவந்து கொடுக்கும்.